உயிர் யாப்பும் உரிமையும்

(தனித்தமிழ் அன்பர்களின் திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உயிர்களைத் தொகுத்து அமைக்கும் புதிய அறிவியலில் வடிவமைப்பின் பங்கு யாது என்பது இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மொழி காக்கக் கூடும் மன்றத்தில் நுண்ணுயிரிகளுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும், ஒரு பொருளுக்குத் தன் மொழியில் பெயரில்லாத இனம், அப்பொருளைப் பற்றி 'வேண்டும்' என்றோ 'வேண்டா' என்றோ சொல்லும் உரிமையையும் மெல்ல மெல்ல இழந்துவிடும். நம் உணவிலும் மருந்திலும் நிலத்திலும் நுழையவிருக்கின்ற ஓர் அறிவியலைப் பற்றி நாம் தமிழில் பேசாவிடின், நம்மைக் கேளாமலேயே பிறர் முடிவு செய்துவிடுவர். ஆகலின் இப்பேச்சு நம் மன்றத்திற்கு உரியதே.

முதலில் பெயரைப் பார்ப்போம். இவ்வறிவியலைச் 'செயற்கை உயிரியல்' என்று பலர் எழுதுகின்றனர். அப்பெயர் முழுதும் பொருந்துவதன்று. செயற்கை என்றவுடன் போலி என்னும் கருத்து நம் நெஞ்சில் தோன்றிவிடுகின்றது. மேலையர் இட்ட பெயரின் வேர்ப்பொருளோ, ஒன்றோடொன்று சேர்த்து வைத்தல் என்பது. உறுப்புகளைத் தொகுத்து ஒரு முழுமையை ஆக்குதலே இங்கு நிகழ்கின்றது. ஆகலின் 'தொகுப்புயிரியல்' என்பதே தக்க பெயர். பிரெஞ்சு அறிஞர் இசுத்தெபான் இலெதுக்கு என்பார் 1912ஆம் ஆண்டிலேயே இப்பெயரைத் தம் நூலுக்குத் தலைப்பாக இட்டார். ஆனால் இன்று நாம் காணும் அறிவியல் அதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே வேர்கொண்டது.

அடுத்து, வடிவமைப்பு என்னும் சொல். வடிவம் என்பது புறத்தோற்றத்தையே மிகுதியும் சுட்டும். இவ்வறிவியலிலோ, ஒரு பயனை முன்னே கருதி, அதற்கு வேண்டும் உறுப்புகளைத் தேர்ந்து, அவற்றை முறைப்படக் கட்டுதலே வடிவமைப்பு. இக்கருத்துக்கு நம்மிடம் பழைய சொல் ஒன்றுண்டு. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என உறுப்புகளைக் கட்டிச் செய்யுள் ஆக்குதலை யாப்பு என்றனர் நம் முன்னோர். யாத்தல் என்றால் கட்டுதல். அதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல் யாக்கை. அது உடலைக் குறிக்கும். எலும்பும் நரம்பும் தசையும் கொண்டு கட்டப்பட்டது உடல் என்னும் கருத்தால் அப்பெயர் அமைந்தது. செய்யுளுக்கும் உடலுக்கும் ஒரே வேரில் பெயர் வைத்த மொழி நம்முடையது. ஆகலின் இத்துறையின் வடிவமைப்பை 'உயிர் யாப்பு' என்று சொன்னால் பிழையாகாது.

இதனால் நம் முன்னோர்க்கு மரபணுவெல்லாம் முன்பே தெரியும் என்று யாரும் முழங்க வேண்டா. அவர்கட்குத் தெரியாது. அவர்கள் நமக்கு விட்டுச் சென்றவை கூர்மையான சொற்கள். அச்சொற்களைக் கொண்டு இன்றைய அறிவை அளப்பது நம் கடமை. இல்லாத பெருமையைக் கட்டிச் சொல்வது இருக்கின்ற பெருமையையும் கெடுத்துவிடும்.

இனி, பொருளுக்கு வருவோம். ஒவ்வோர் உயிரும் கண்ணறைகளால் ஆனது. கண்ணறைக்குள் டி.என்.ஏ. எனப்படும் நெடிய இழை ஒன்று உள்ளது. அதனை மரபிழை என்போம். அதில் நான்கே நான்கு வேதிப்பொருள்கள் எழுத்துகளைப் போல் வரிசையாக நிற்கின்றன. மூன்று எழுத்துகள் சேர்ந்தால் ஒரு சொல். நான்கெழுத்தால் ஆகும் மூவெழுத்துச் சொற்கள் மொத்தம் 64. அவற்றுள் 61 சொற்கள், புரதங்களைக் கட்டும் 20 அமினோக் காடிகளைக் குறிக்கின்றன. எஞ்சிய 3 சொற்களும் முற்றுப்புள்ளிகள். ஒரு புரதத்தை ஆக்குதற்குரிய செய்தியைத் தாங்கி நிற்கும் மரபிழைப் பகுதியை மரபணு என்றோ மரபன் என்றோ சொல்கின்றோம்.

இச்சொற்களின் பொருளைக் கண்டறிந்தோருள் ஒருவர் பஞ்சாபு மண்ணில் பிறந்த அர்கோவிந்து கொரானா. அதன்பொருட்டு 1968ஆம் ஆண்டில் வேறிருவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அவர் படிப்பதோடு நின்றாரில்லை, எழுதவும் தொடங்கினார். 1970ஆம் ஆண்டில் 77 இணை எழுத்துகள் கொண்ட ஒரு மரபணுவை, வேதிப்பொருள்களிலிருந்து கட்டி முடித்ததாக அறிவித்தார். 1976ஆம் ஆண்டில் அவர் குழுவினர் ஆக்கிய மற்றொரு மரபணு, கண்ணறைக்குள் புகுந்து இயல்பான மரபணுவைப் போலவே வேலை செய்தது. உயிரின் ஏட்டில் மாந்தன் எழுதிய முதற் சொற்கள் அவை.

ஆனால் எழுத்தறிவு வேறு, யாப்பறிவு வேறு. எழுதத் தெரிந்தவர் எல்லாரும் பாவலர் ஆகிவிடுவதில்லை. யாப்பறிவின் தொடக்கம் 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே இரண்டு சிறு அமைப்புகளை வெளியிட்டனர். ஒன்று, இரண்டு மரபணுக்கள் ஒன்றையொன்று அடக்குமாறு கட்டப்பட்ட ஆளி; விளக்கை ஏற்றவும் அணைக்கவும் உதவும் ஆளியைப் போன்றது. மற்றொன்று, மூன்று மரபணுக்கள் வட்டமாக நின்று ஒன்று அடுத்ததை அடக்குமாறு கட்டப்பட்டது. அதனை ஏற்ற நுண்ணுயிரி, விட்டுவிட்டு ஒளிர்ந்தது. இயற்கையில் அப்படியோர் அமைப்பு அங்கே இருந்ததில்லை. தாளில் வரைந்து, கணக்கிட்டு, பின் உயிரில் கட்டப்பட்டது அது.

இதன்பின் பொறியாளர் சிலர் இத்துறைக்குள் வந்தனர். அமெரிக்காவின் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாம் நைட்டு, துரூ எண்டி முதலானோர் மூன்று நெறிகளை வற்புறுத்தினர். முதலாவது, உறுப்புகள் ஒரே அளவுமுறைக்கு உட்பட வேண்டும். எந்தத் திருகும் அதற்கேற்ற மரையில் பொருந்துவது போல, எந்த மரபணுப் பகுதியும் மற்றதனோடு பொருந்த வேண்டும். இரண்டாவது, வரைவோர் வேறு, கட்டுவோர் வேறு என்று பணி பிரிக்கப்பட வேண்டும். மூன்றாவது, உறுப்பு, கருவி, அமைப்பு என்று படிநிலைகள் வகுக்கப்பட வேண்டும். மேற்படியில் வேலை செய்பவர் கீழ்ப்படியின் நுணுக்கம் அனைத்தையும் சுமக்கத் தேவையில்லை. எழுத்து, சொல், தொடர் என்று படிப்படியாக மொழியைக் கற்பவருக்கு இந்நெறி புதிதன்று. வரைதல், கட்டுதல், ஆய்தல், கற்றல், மீண்டும் வரைதல் என்னும் சுழற்சியே இத்துறையின் அன்றாட வேலைமுறை ஆயிற்று.

இம்முறை எவ்வளவு தொலைவு செல்லும்? 2010ஆம் ஆண்டில் கிரெய்கு வெண்டர் குழுவினர், மைக்கோப்பிளாசுமா என்னும் நுண்ணுயிரியின் முழு மரபிழையையும், அதாவது ஏறத்தாழ 10,80,000 இணை எழுத்துகளையும், ஆய்வகத்தில் கட்டி, அதன் உறவினமான மற்றொரு நுண்ணுயிரியின் கண்ணறைக்குள் வைத்தனர். அக்கண்ணறை புதிய ஏட்டின்படி வாழத் தொடங்கியது. 'மாந்தன் உயிரைப் படைத்துவிட்டான்' என்று உலக இதழ்கள் முழங்கின. அம்முழக்கம் மிகை. ஏடுதான் புதிது, அதனைப் படித்து நடத்திய கண்ணறை இயற்கையிடமிருந்து கடன் வாங்கியது.

அம்முயற்சியில் நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டிய ஒரு செய்தி உண்டு. பத்து நூறாயிரம் எழுத்துகளுக்கு மேற்பட்ட அவ்வேட்டில், இன்றியமையாத மரபணு ஒன்றில், ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப் போயிற்று. அந்த ஓர் எழுத்தால் கண்ணறை உயிர்பெறவில்லை. அப்பிழையைக் கண்டுபிடிக்கத் திங்கள்கள் சில கழிந்தன. 'ஓர் எழுத்துத் தவறினால் என்ன கெட்டுவிடும்?' என்று நம்மைப் பார்த்து நகைப்போர்க்கு இச்செய்தியைச் சொல்லுங்கள். யாப்பில் ஓரெழுத்தும் வீணன்று.

இனி, யாப்பின் எல்லையையும் காண வேண்டும். உயிர் வாழ்வதற்குக் குறைந்தது எத்தனை மரபணுக்கள் வேண்டும் என்று அதே குழுவினர் ஆராய்ந்தனர். தமக்குத் தெரிந்த அறிவைக் கொண்டு முதலில் அவர்கள் வரைந்த வரைவு உயிர் பெறவில்லை. பின்னர் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, மீண்டும் மீண்டும் கட்டிப் பார்த்து, 2016ஆம் ஆண்டில் 473 மரபணுக்களே கொண்ட கண்ணறையை ஆக்கினர். அந்த 473-இல் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்பது அப்போது அவர்கட்கே தெரிந்திருக்கவில்லை! எடுத்தால் கண்ணறை இறந்துவிடும் அல்லது வளர்ச்சி குன்றும். ஆனால் ஏன் என்று சொல்ல இயலாது. மேலும், அக்கண்ணறைகள் ஒழுங்கின்றிப் பல உருவங்களில் பிரிந்தன. 19 மரபணுக்களைத் திரும்பச் சேர்த்த பின்னரே அவை ஒழுங்காகப் பிரிந்தன என்பதை 2021ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேண்டாதது என்று கழித்தது வேண்டியதாக இருந்தது. பொருள் விளங்கவில்லை என்பதற்காக ஒரு சொல்லை அகரமுதலியிலிருந்து நீக்கிவிடக் கூடாது என்பதை நாம் அறிவோம்; உயிரின் அகரமுதலிக்கும் அந்நெறியே பொருந்துகின்றது.

வடிவமைப்பின் பங்கு இங்கேதான் தெளிவாகின்றது. வரைவு வெற்றி பெற்றால் பயன் கிடைக்கின்றது. தோற்றால் அறியாமை எங்கே இருக்கின்றது என்பது தெரிகின்றது. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த 149-உம் நமக்கு இருட்டாகவே இருந்திருக்கும். கட்டிப் பார்த்ததனால்தான் இருட்டின் அளவாவது தெரிந்தது.

மற்றுமொரு வியப்பான யாப்பைக் கேளுங்கள். ஒருபொருட் பன்மொழி நமக்குத் தெரியும். மரபிழையிலும் அது உண்டு. ஒரே அமினோக் காடிக்குப் பல சொற்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்சில் சேசன் சின் குழுவினர், நம் குடலில் வாழும் எசரிக்கியா கோலி என்னும் நுண்ணுயிரியின் ஏடு முழுவதையும், ஏறத்தாழ 40 நூறாயிரம் எழுத்துகளையும், புதிதாக எழுதினர். 64 சொற்களில் 3 சொற்களை அறவே விலக்கி, 18,214 இடங்களில் ஒத்தபொருள் தரும் வேறு சொல்லை வைத்தனர். 2019ஆம் ஆண்டில் வெளியான அந்நுண்ணுயிரி உயிர்வாழ்ந்தது. பின்னர், விலக்கிய சொற்களைப் படிக்கும் உறுப்புகளையும் அகற்றினர். அதன்பின் பல நச்சுயிரிகளால் அதனைத் தாக்க இயலவில்லை. நச்சுயிரி கொண்டுவரும் ஏட்டை அந்தக் கண்ணறையால் படிக்க முடியாமற் போயிற்று. ஆனால் அக்காவலும் முற்றிலும் உறுதியானதன்று. படிக்கும் உறுப்பைத் தாமே சுமந்து வரும் நச்சுயிரிகள் அதனைக் கடந்துவிடுகின்றன என்பதை வேறு குழுவினர் 2023ஆம் ஆண்டில் காட்டினர். யாப்பவர் ஒரு வேலி கட்டினால், இயற்கை ஒரு வழி தேடுகின்றது.

அன்பர்களே! இதுவரை சொன்னது அறிவின் கதை. இனிச் சொல்லப் போவது வயிற்றின் கதை, உரிமையின் கதை.

முறைக்காய்ச்சல் எனப்படும் மலேரியாவுக்குச் சிறந்த மருந்து ஆர்ட்டெமிசினின். சீன மாசிப்பத்திரி வகைச் செடி ஒன்றிலிருந்து அதனைப் பிரித்தெடுத்த குழுவின் தலைவர் தூ யூயூ அம்மையார். தம் நாட்டுப் பழைய மருத்துவ நூலைத் தம் மொழியிலேயே படித்து அவர் வழி கண்டார் என்பதையும், 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார் என்பதையும் நினைவிற் கொள்க. அச்செடியைச் சீனத்திலும் வியத்துநாமிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சிறு உழவர்கள் பயிரிடுகின்றனர். விளைச்சல் ஏறியும் இறங்கியும் வருவதால் மருந்தின் விலையும் தாவித் தாவி நின்றது.

கலிபோர்னியாவில் சே கீசிலிங்கு குழுவினர், அச்செடியின் மரபணுக்களைக் கள்ளையும் மாவையும் புளிக்க வைக்கும் ஈசுட்டு என்னும் நுண்பூஞ்சையில் யாத்தனர். சருக்கரையைத் தின்று அம்மருந்தின் முன்பொருளைத் தரும் பூஞ்சை பிறந்தது. 2013ஆம் ஆண்டளவில் ஒரு லிட்டருக்கு 25 கிராம் வரை அது விளைத்தது. சனோபி என்னும் பெருநிறுவனம் ஆலையில் விளைப்பைத் தொடங்கியது. இத்துறையின் முதற்பெரும் வெற்றி என்று எல்லாரும் கொண்டாடினர். நடந்ததென்ன? செடியிலிருந்து எடுத்த மருந்துப்பொருளின் விலை கிலோவுக்கு 250 டாலருக்கும் கீழே இறங்கிற்று. பூஞ்சை மருந்துக்கோ 350 முதல் 400 டாலர் வரை ஆயிற்று. 2015ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஒரு துளியும் விளைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆலையையே விற்றுவிட்டது.

இதில் நமக்குள்ள பாடம் யாது? கண்ணறைக்குள் நிகழ்ந்த யாப்பில் குறையில்லை. கண்ணறைக்கு வெளியே, உழவரும் சந்தையும் விலையும் கொண்ட உலகை யாரும் யாப்பில் சேர்க்கவில்லை. ஒருகால் பூஞ்சை மருந்து வென்றிருந்தால் அவ்வுழவர்களின் நிலை என்னவாகியிருக்கும்? அவர்களைக் கேட்டு அவ்வரைவு வரையப்பட்டதா? வரைவு மேசையில் அவர்கட்கு ஓர் இருக்கை இருந்ததா? இவ்வினாக்களை எழுப்பாத வடிவமைப்பு, பாதி வடிவமைப்பே.

ஆயினும் இவ்வறிவியலையே வெறுத்து ஒதுக்குவோமா? அது பேதைமை. நீரிழிவு நோயாளிகட்கு உயிர் தரும் இன்சுலினை முன்பு பன்றியின் கணையத்திலிருந்தும் மாட்டின் கணையத்திலிருந்தும் எடுத்தனர். 1978ஆம் ஆண்டில் மாந்த இன்சுலினை நுண்ணுயிரியில் ஆக்கினர். 1982ஆம் ஆண்டில் அது அமெரிக்காவில் மருந்தாக இசைவு பெற்றது. இன்று நம் இல்லங்களில் எத்தனை பேர் அம்முறையில் ஆன இன்சுலினால் நடமாடுகின்றனர்! கத்தி காய் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். கத்தி யார் கையில் இருக்கின்றது என்பதே வினா.

அவ்வினாவுக்கு விடை காண்போம். 1980ஆம் ஆண்டில், எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரியை ஆக்கிய ஆனந்த சக்கரவர்த்தி என்பாரின் வழக்கில், அமெரிக்க உச்ச நயன்மன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் கணக்கில், மாந்தன் ஆக்கிய உயிருக்குக் காப்புரிமை தரலாம் என்று தீர்ப்பளித்தது. 2013ஆம் ஆண்டில் அதே மன்றம், இயற்கையில் உள்ள மரபிழைப் பகுதிக்கு உரிமை கோர இயலாது, ஆக்கப்பட்டதற்குக் கோரலாம் என்று வரையறுத்தது. வடிவமைப்பே உரிமையின் வாயில் என்பது இதனால் விளங்கும். யார் யாத்தாரோ அவர் உடைமையாளர். யாக்கத் தெரியாதவர் வாடகை கொடுத்து வாழ வேண்டியதுதான்.

ஏதமும் உண்டு. 2002ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், அஞ்சல்வழி வாங்கிய மரபிழைத் துண்டுகளைக் கொண்டு, இளம்பிள்ளைவாதம் உண்டாக்கும் நச்சுயிரியைக் கட்டிக் காட்டினர். 2024ஆம் ஆண்டின் இறுதியில் 38 அறிவியலார் ஒன்றுகூடி, இயற்கை உயிருக்குக் கண்ணாடி நிழல்போல் இடவலம் மாறிய மூலக்கூறுகளால் ஆகும் உயிர்களை ஆக்கவே கூடாது என்று எச்சரித்தனர்; அவர்களுள் அவ்வாய்வில் ஈடுபட்டோரும் இருந்தனர். யாக்கத் தெரிந்தவரே 'இதை யாக்க வேண்டா' என்று சொல்வதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே.

இவையெல்லாம் எங்கோ நிகழ்பவை என்று இருந்துவிடாதீர்கள். 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிரியின் மரபணு புகுத்தப்பட்ட பி.டி. கத்தரியை உழவர்க்குத் தரலாமா என்று நடுவணரசு மக்கள் கருத்தைக் கேட்டது. அது தொகுப்புயிரியலன்று, அதன் மூத்த உறவான மரபணு மாற்றுத் தொழில்நுட்பம். கருத்துக் கேட்ட நகரங்கள் ஏழு: கல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத்து, நாகபுரி, சண்டிகர், ஐதராபாத்து, பெங்களூரு. தமிழ்நாட்டில் ஒன்றுமில்லை! அக்கத்தரி வகைகளுள் சிலவற்றை ஆக்குவதில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திற்கும் பங்கிருந்தது. ஆக்குவதற்கு நம் மண் வேண்டும். கேட்பதற்கு நம் வாய் வேண்டா! முடிவில் அக்கத்தரி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் அம்முடிவில் நம் குரல் எங்கே ஒலித்தது?

தில்லியை மட்டும் குறை சொல்லி அமைதல் எளிது. நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று நம் ஊரில் அவை கூட்டியிருந்தால், நம் உழவர் எச்சொற்களால் வழக்காடியிருப்பார்? மரபணு எவ்வாறு வேலை செய்கின்றது, எது தெரியும், எது தெரியாது என்பதையெல்லாம் அவர் கையில் தமிழில் எழுதிக் கொடுத்தோமா? அச்சமூட்டும் முழக்கங்களைக் கொடுத்தோம், அறிவைக் கொடுத்தோமா?

ஆகலின் நம்முன் உள்ள கடமைகள் மூன்று.

ஒன்று, சொல்லாக்கம். பொருள் வந்து குடியேறிய பின் பெயர் தேடுதல் நம் வழக்கமாகிவிட்டது. இனி முந்திக்கொள்ள வேண்டும். கண்ணறை, மரபன், மரபிழை, உயிர் யாப்பு என்று நான் கூறியவற்றுள் குறையிருப்பின் அதனினும் சிறந்ததைத் தருக. ஆனால் சொல் ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. அதனைக் கொண்டு ஒரு மாணவன் ஒரு செய்முறையை விளக்க இயல வேண்டும். அதுவே சொல்லின் உரைகல்.

இரண்டு, தமிழ்வழிக் கல்வி. ஆங்கிலத்தில்தானே இவ்வறிவு உள்ளது, தமிழில் எப்படி இயலும் என்பார்க்கு விடை பழையது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். கடல் கடந்து வந்த ஒருவர்க்கு இயன்றது, தமிழ்மண்ணில் பிறந்த பேராசிரியர்கட்கு இயலாதா? ஆங்கிலத்தைக் கருவியாகக் கற்க; வேண்டுமளவு கற்க. ஆனால் சிந்தனையை அதற்கு அடகு வைக்காதிருக்க.

மூன்று, விழிப்பு. எந்தப் புதிய உயிர் யாப்பு நம் வாயிலுக்கு வந்தாலும் நான்கு வினாக்களை எழுப்புக. யாத்தவர் யார்? எப்பயன் கருதி யாத்தார்? பிழை நேர்ந்தால் தடுக்கும் வழி யாது? ஊதியம் யாருக்கு, இழப்பு யாருக்கு? இந்நான்குக்கும் தமிழில் விடை தராத எதனையும் ஏற்க வேண்டா. விடை தருவதனை வீம்புக்காக மறுக்கவும் வேண்டா.

உயிரின் ஏட்டில் எழுதும் எழுத்தாணி இன்று மாந்தன் கைக்கு வந்துவிட்டது. அவ்வேட்டில் நமக்குத் தெரியாத பக்கங்கள் மிகுதி. எழுதுவோர் அடக்கத்தோடு எழுத வேண்டும். எழுதப்படுவதைப் படித்தறியும் ஆற்றல் எல்லா மக்கட்கும் வேண்டும். தமிழ் மக்கள் அதனைத் தமிழில் படிக்கச் செய்வது நம் பொறுப்பு. அடுத்த திங்கட் கூட்டத்திற்கு வரும்போது ஒவ்வொருவரும் இத்துறைச் சொல் ஒன்றுக்குத் தமிழ்ச்சொல் ஒன்றை ஆய்ந்து எடுத்து வருமாறு கேட்டு, என் உரையை முடிக்கின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க அறிவு!